நாய் முடியும் வாக்குவம் கிளீனரின் ஆயுளும்

ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவம் கிளீனரின் குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பாருங்கள். மோட்டார் சத்தம் கீச்சென்று உயரும். பாவம், திணறுகிறது என்று நினைப்போம். உண்மையில் அந்த நேரத்தில் அதற்கு வேலை குறைந்துவிட்டது. விசிறி தள்ளுவதற்குப் புதுக் காற்று வரவில்லை; உள்ளே இருக்கும் காற்றே அதோடு சேர்ந்து சுற்றுகிறது. சுமை குறைந்ததால் வேகம் கூடுகிறது, மின்சாரம்கூடக் குறைவாகவே செலவாகிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு மிஷின்கள் பெரும்பாலானவற்றில், தூசி வடிகட்டிய அதே காற்றுதான் மோட்டார்மேல் பாய்ந்து அதைக் குளிர வைக்கிறது. காற்று நின்றால் மோட்டார் சுட ஆரம்பிக்கும்.

நாயோ பூனையோ வளரும் வீட்டில் இந்த அடைப்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. மிஷின் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது.

ஆனால் பெங்களூரு கம்மனஹள்ளியில் ஒரு கடைக்குள் நுழைந்து தமிழில் விசாரித்தால், "அண்ணா, இது 2000 வாட்டு, பிச்சு எடுத்துடும்" என்றுதான் பேச்சு தொடங்கும். வாட் என்பது மிஷின் செலவழிக்கும் மின்சாரம். அதில் எவ்வளவு தரைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஹாலில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும். 2000 வாட் மிஷினுக்கு கீசர் பிளக்கைத்தான் தேட வேண்டும். பெட்டியில் போடும் பாஸ்கல் கணக்கும் அப்படித்தான். குழாயை முழுக்க அடைத்து, காற்று துளிகூட ஓடாதபோது அளந்த அழுத்த வித்தியாசம் அது. முடியை நகர்த்துவது ஓடுகிற காற்று. அழுத்த வித்தியாசத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கி வரும் 'ஏர் வாட்' பெட்டியில் இருந்தால் அதைப் பாருங்கள். இன்னொன்று, மிஷின் காற்றை இழுப்பதில்லை. உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தூசியையும் முடியையும் தள்ளிக்கொண்டு நுழைகிறது. பெங்களூரு கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. சென்னையில் வாங்கிய மிஷின் இங்கே கொஞ்சம் மெலிவாகத்தான் வேலை செய்யும்.

சரி, முடிக்கு வருவோம். லாப்ரடார் மாதிரி நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலடுக்கு விறைப்பானது, அது சுழலும் பிரஷில் சுற்றிக்கொண்டு மெல்ல இரு ஓரங்களுக்கும் நகர்ந்து பேரிங்குக்குள் நுழைகிறது. உராய்வு ஏறும், பெல்ட் வழுக்கும், சூடேறி அறுந்தும் போகும். அதனால் பிரஷ் உருளையைக் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் கழற்றப்போவதில்லை. கீழடுக்கு முடி பஞ்சு போன்றது. அது போய் ஃபில்டர்மேல் படிந்து கம்பளம்போல் இறுகிக்கொள்ளும்.

இங்குள்ள ஃபிளாட்டுகளில் டைல்ஸ் தரைதான் அதிகம், கார்பெட் அபூர்வம். டைல்ஸில் விறைப்பான பிரஷ் சுழன்றால் முடி நாலாபக்கமும் தெறிக்கும். அங்கே மென்மையான உருளையோ, சுழலாத சாதாரண முனையோ போதும். சுழலும் சிறு பிரஷ் சோபாவுக்கும் மெத்தைக்கும்தான். காற்றால் சுழலும் வகையைவிடத் தனி மோட்டார் உள்ளது நல்லது; காற்றோட்டம் குறைந்ததும் முதல் வகை நின்றுவிடும்.

பையா, பையில்லாத சைக்ளோனா? சைக்ளோன் காற்றை வேகமாகச் சுழற்றி, கனமான தூசியை ஓரத்துக்கு எறிகிறது. மணலுக்கு அருமையான ஏற்பாடு. முடியோ நீளமானது, லேசானது; நடுவில் உள்ள வலையில் சுற்றிக்கொள்ளும். என் ஓட்டு, நிரம்பியதும் அப்படியே தூக்கிப் போடும் துணிப்பைக்குத்தான், மாற்றும் செலவு இருந்தாலும். காரணம் ஒவ்வாமை. தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உருவாகும் 'ஃபெல் டி 1' போன்ற புரதங்கள். உலர்ந்து பொடியான அவை பல மணி நேரம் காற்றில் மிதக்கும். சைக்ளோன் டப்பாவைக் குப்பைக்கூடையில் தட்டும்போது அதே பொடி முகத்தில்தான் வந்து படியும்.

பொடியைப் பிடிப்பது, மிக நுண்ணிய இழைகளை நெருக்கமாக அடுக்கிய ஹெபா ஃபில்டர். பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை காற்று மூலக்கூறுகள் இடித்து இங்குமங்கும் அலைந்து, எப்படியும் ஓர் இழையைத் தொட்டுவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அளவில் இருப்பவைதான் அதிகம் தப்பும். பிடிக்கக் கடினமான அந்த அளவை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஹெபாவில் 'ஹெச் 13' என்ற தரம் அவற்றில் 99.95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். இவ்வளவு நெருக்கமான இழை சீக்கிரம் அடைபடும். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால், பெங்களூரின் ஜூலைத் தூறலில் அது காய ஒரு நாள் போதாது. ஈரத்தோடு மாட்டாதீர்கள், உதிரியாக ஒன்று வாங்கி வையுங்கள். வாசல் கோலப்பொடியையும் இதால் எடுக்காதீர்கள், ஃபில்டரை அடைக்க அதைவிடச் சிறந்த பொருள் வீட்டில் இல்லை.

மோட்டாரின் ஆயுளுக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் வாக்குவம் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது விதி. தினம் அரை மணி ஓட்டினால் 1000 நாள், மூன்று வருஷம்கூட இல்லை. ஒயர் வைத்த மிஷின்களில் வழக்கமாக முதலில் தேய்வது கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கார்பன் கட்டை. அது தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஒயர் இல்லாதவை பலவற்றில் இருக்கும், கார்பன் பிரஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இந்தத் தேய்மானம் கிடையாது, ஆனால் லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தளர்ந்துவிடும். நாமே கழற்றி மாற்றும் பேட்டரி இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

அப்புறம் சத்தம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுழலும் மோட்டாரில் 13 இதழ் விசிறி இருந்தால் அதன் கீச்சொலி சுமார் 21,700 ஹெர்ட்ஸ். நம் காது 20,000-த்தோடு நின்றுவிடும். நாய்க்கோ 45,000 வரை கேட்கும், பூனைக்கு அதற்கும் மேல். 'சத்தமே வராது' என்று விற்கும் மிஷினை முதல் சில நாட்கள் அவற்றைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு ஓட்டுங்கள்.