ரிசீவர் சூடாகி அணைகிறதா? திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்

"படம் பாதி ஓடும்போதே டக்குன்னு ஆஃப் ஆயிடுது சார், தொட்டா கொதிக்குது." சர்வீஸுக்கு வரும் ஹோம் தியேட்டர் ரிசீவர்களை (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி) பற்றி நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பலரும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஆன் செய்கிறார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ரிசீவர் அணைகிறது. காரணத்தைத் தேடாமல் போட்டுக்கொண்டே இருந்தால் ஸ்பீக்கருக்கு மின்சாரம் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். அதன் பிறகு செலவு பெரிது.

ஓரளவு சூடு இயல்பு. பெரும்பாலான ரிசீவர்களில் இருப்பது கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப் (ஒலிபெருக்கிச் சர்க்யூட்). இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் போகும். பாட்டு ஓடாவிட்டாலும் மேல்தட்டு வெதுவெதுப்பாக இருக்கும். கை வைக்க முடியாத அளவுக்குப் போனால்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், ரிசீவர் தலையில் செட்டாப் பாக்ஸ், தூசி படக்கூடாதென்று அதன்மேல் ஒரு துணி. மேல்தட்டுத் துளைகள் வழியாகத்தான் சூடான காற்று வெளியேற வேண்டும். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், எதையும் ஏற்றாதீர்கள்.

அடுத்தது ஸ்பீக்கர் இணைப்பு. நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ஹாலில் ஒரு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கும் (ஓம் என்பது மின்தடையின் அளவு; அது குறைந்தால் கரண்ட் கூடும்). மாடிக்கு இன்னொரு ஜோடி வாங்கி அதே டெர்மினலில் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இப்படி இரண்டு 8 ஓம் பேரலலாக (பக்கவாட்டில்) சேர்ந்தால் 4 ஓம். அதே வால்யூமுக்கு ஆம்ப் இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். உங்கள் ரிசீவர் குறைந்தது எத்தனை ஓம் தாங்கும் என்பது பின்பக்கம் டெர்மினல் அருகிலேயே அச்சாகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, வயர்களை ரிசீவரிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6, 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்குச் சற்று மேல் காட்டும். கிட்டத்தட்ட 0 வந்தால் வயர் எங்கோ ஷார்ட். டெர்மினலில் பிரிந்து நிற்கும் ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் இதே கதைதான்.

எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஆன் செய்து வையுங்கள். அப்போதும் கொதித்தால் கோளாறு உள்ளே: பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் பயாஸ் கரண்ட் ஏறியிருக்கலாம், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கலாம், எச்டிஎம்ஐ போர்டு சூடாகலாம். மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கடைசியாக, எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயம். சில இடங்களில், கோளாறு வந்தால் ரிசீவரை அணைக்கும் ப்ரொடெக்ஷன் லைனையே வெட்டிவிட்டு "ரெடி" என்று கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஸ்பீக்கரைத் துண்டிக்க வேண்டிய ரிலே (தானியங்கி சுவிட்ச்) வேலை செய்யாது. டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதன் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருளை எரிக்கும், தீப்பிடிக்கவும் செய்யலாம். ரிசீவரைத் திரும்ப வாங்கும்போது எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ப்ரொடெக்ஷன் வேலை செய்கிறது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.