கட்டஞ்சாயா குடித்துவிட்டு 15 கிலோமீட்டர்

பாலில்லாத வெறும் கட்டஞ்சாயாவோடு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடிவிட்டு, ராத்திரி சோறையும் பாதியாக்கினால் உடம்பு லேசாகும், ஓட்டம் வேகமாகும் என்று நம் பையன்கள் பலர் நம்புகிறார்கள். முதல் சில வாரம் அப்படி நடக்கவும் செய்யும், வம்பே அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 65 கிலோ ஆள், கொழுப்பு 10 சதவீதம் என்றால் கொழுப்பு போக உடம்பு 58 கிலோ சொச்சம். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவு, ஆக 15 கிலோமீட்டருக்கு ஆயிரம் கலோரி போய்விடும். 2,400 கலோரி சாப்பிட்டவனுக்கு மிஞ்சுவது 1,400. 58ஆல் வகுத்தால் கொழுப்பு போக உள்ள உடம்பில் கிலோவுக்கு 24 கலோரி. இதயம், மூளை, எலும்பு, எதிர்ப்புச்சக்தி எல்லாம் இந்த மிச்சத்தில்தான் நடக்க வேண்டும். 40க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பெண்களுக்கு 30ஐ எல்லையாகச் சொல்வார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரே கோடு கிடையாது, இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் தாங்குவார்கள் போலிருக்கிறது. ஆனால் தாங்குவது வேறு, நன்றாக ஓடுவது வேறு.

மிச்சம் குறைந்தால் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், அதைக் கவனித்த மூளை விரைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைக்கும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விழும். தைராய்டு ஹார்மோனும் சேர்ந்து இறங்கும். உடம்பு தசையைப் பழுதுபார்ப்பதையும் எலும்பு கட்டுவதையும் தள்ளிப்போட்டு, மொத்தச் செலவையே சுருக்கிவிடுவதால் எடை ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். அதைப் பார்த்துப் பையன் மிச்சச் சோறிலும் கைவைப்பான்!

களத்தில் இது எப்படித் தெரியும்? தசையிலும் ஈரலிலும் சேர்த்து 400, 500 கிராம் கிளைகோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து, இருக்க வேண்டும், அது நிரம்பாவிட்டால் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் கால்பந்து ஆடுகிறவனுக்கு இரண்டாம் பாதியில் கால் எழும்பாது. பயிற்சி செய்தும் முன்னேற்றம் இருக்காது. அடிக்கடி சளி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் விடாத வலி, சில பேருக்கு நுண்விரிசல்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்று எச்சரிக்கும். ஆண்களுக்கு அந்த வேலையைச் செய்வது காலையில் எழும்போது ஆணுறுப்பில் இருக்கும் விறைப்பு. அது வாரக்கணக்கில் காணாமல் போனாலும் எவன் கோச்சிடம் போய்ச் சொல்வான்? சாப்பாடு போதாமல் வரும் இந்தக் கோளாறில் ஆண்களையும் சேர்த்து சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிக்கை விட்டதே 2014இல்தான்.

நாள் மொத்தம் சரியாக இருந்தாலும் பல மணி நேரம் பட்டினியில் ஓடுவது நல்லதில்லை. நீண்ட தூர வீரர்களில் நாளின் இடையிடையே இப்படிக் கலோரிப் பற்றாக்குறை கூடியவர்களுக்கு, உடம்பு நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் கூடியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஓடும்முன் ஒரு ஏத்தம்பழம், முடித்ததும் புட்டும் பயறும், மத்தியானம் மரச்சீனியும் சாளைக் கறியும் தாராளமாக. அப்புறம், டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கிறது என்று ஜிம்மில் யாராவது ஊசி நீட்டினால் வேண்டாம்: போட்டி விளையாட்டில் அது தடைசெய்யப்பட்ட மருந்து, தவிர விந்தணு உற்பத்தியையும் அமுக்கிவிடும்.