அதிர்வுக் காப்பு: எதை ஒதுக்குகிறோம், எதைக் காக்கிறோம்?

தரையின் ஆட்டம் எட்டாமல் நுண்ணோக்கியை வைக்கும் மேசை பற்றித் தமிழில் எழுதும்போது 'அதிர்வுத் தனிமைப்படுத்தல்' என்ற தொடர் கண்ணில் படுகிறது. 'வைப்ரேஷன் ஐசொலேஷன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். தனிமைப்படுத்துவது எதை? தொடரைப் பார்த்தால், அதிர்வைப் பிடித்து ஒரு மூலையில் அடைத்து வைப்பதாகத் தோன்றுகிறது. நடப்பதோ நேர்மாறு. அதிர்வு எங்கும் போகவில்லை, தரையில் அப்படியேதான் இருக்கிறது. ஒதுக்கி வைக்கப்படுவது கருவி.

மூலச் சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. இத்தாலிய மொழியில் அது 'இசொலா' ஆனது. அதிலிருந்து பிறந்த 'இசொலாத்தோ', அதாவது தீவாக்கப்பட்டது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மின்கம்பியின் மேல் உறையைக் குறிக்கும் 'இன்சுலேஷன்' என்ற சொல்லும் இதே இன்சுலாவின் பிள்ளைதான். இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்றுக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது: மின்காப்பு, வெப்பக்காப்பு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் மின்சாரம் கடத்தாத பொருளைக் 'காவலி' என்கின்றன. அதற்கும் 'கா' என்பதுதான் வேர். ஒரு பிள்ளைக்குக் 'காப்பு' என்று பெயர் வைத்துவிட்டு, இன்னொன்றைத் 'தனிமை' என்று அழைக்க வேண்டிய தேவை என்ன? பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு தனிமைப்படுத்தல் என்றாலே நோயாளியை அறையில் வைப்பதுதான் பலர் நினைவுக்கு வருகிறது. ஆகவே நான் 'அதிர்வுக் காப்பு' என்றே எழுதுகிறேன்.

ஒரு மறுப்பு வரலாம். பயிர்க்காப்பு என்றால் பயிரைக் காப்பது, மெய்காப்பு என்றால் உடலைக் காப்பது. அப்படியானால் அதிர்வுக் காப்பு அதிர்வைக் காப்பதாகாதா? ஆகாது. வெப்பக்காப்பு என்றால் வெப்பத்திலிருந்து காப்பது என்று யாரும் சொல்லித்தராமலே புரிந்துகொள்கிறோம். அங்கே மறைந்து நிற்பது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள். 'ஐசொலேஷன்' சொல்ல வருவதும் அந்த நீங்கலைத்தான். 'அதிர்வுத் தடுப்பு' பேச்சில் ஓடும் சொல், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடுப்பு என்றதும் சுவர் போல எதிர்த்து நிற்கும் ஒன்று மனதில் வருகிறது. இந்த மேசை எதிர்த்து நிற்பதில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம். 'அதிர்வு நீக்கி' வேண்டவே வேண்டாம், அதிர்வு நீங்குவதே இல்லை.

'அதிர்' என்ற வேருக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் சேர்ந்தே உண்டு: நடுங்குதல், முழங்குதல். நிலமும் அதிரும், முரசும் அதிரும். 'வைப்ரேஷன்' பிறந்த லத்தீன் 'விப்ராரே' என்பதன் அடிப்படைப் பொருள் ஆட்டுதல், சுழற்றுதல். ஆய்வகத்துக்குத் தமிழ்ச் சொல்தான் நெருக்கமாகப் பொருந்துகிறது. கருவியைக் கெடுப்பது தரையின் நடுக்கம் மட்டும் இல்லை. குளிர்சாதனத்தின் இரைச்சலும், பக்கத்தில் நின்று பேசுபவரின் குரலும் காற்றின் வழியே வந்து கெடுக்கும். நுண்ணிய கருவிகளை ஒலி புகாத பெட்டிக்குள் வைப்பது அதனால்தான். திருக்குறளின் 429ஆம் பாட்டில் நம் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்.' வருமுன் காப்பவருக்கு நடுங்கச் செய்யும் துன்பம் இல்லை என்பது பொருள். கலைச்சொல்லுக்கு இதைவிட நல்ல உறவு கிடைப்பது அரிது.

சரி, மேசை எப்படிக் காக்கிறது? இறுக்கிப் பிடித்து இல்லை, விட்டுக்கொடுத்து. கனமான பலகை ஒன்றை மென்மையான சுருள்வில்லின் மேலோ காற்றடைத்த கால்களின் மேலோ வைக்கிறார்கள். தரை வேகமாக மேலும் கீழும் ஆடும்போது சுருள்வில் சுருங்கி விரிந்து அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. பலகை தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண். காற்றுக்கால் மேசைகளில் அது பொதுவாக 1 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். தரையின் அதிர்வு அந்த எண்ணைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் காப்பு தொடங்குகிறது. இயல்பு அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், தரையின் அதிர்வு 20 ஹெர்ட்ஸ், தணிப்பு மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டால் நூறில் ஒரு பங்கு அளவுதான் மேலே போய்ச் சேரும். ஆனால் தரையே 2 ஹெர்ட்ஸில் ஆடினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, மேசை தரையைவிட அதிகமாக ஆடும்! விறைப்பான கால்களுடன் கனமான மேசை ஒன்றைச் செய்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். விறைப்பான கால் தரையின் ஆட்டத்தை அப்படியே மேலே கொண்டுபோய்க் கொடுக்கும்.

இப்போது சொன்ன 'தணிப்பு' வேறு சொல், வேறு வேலை. ஆங்கிலத்தில் 'டாம்பிங்'. பள்ளிப் பாடநூலில் 'தடையுறு அலைவு' என்று படித்தது இதன் உறவுதான். ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சி அடங்கச் செய்வது தணிப்பு. ஆட்டம் வந்து சேராமல் பார்ப்பது காப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் பொருளே கெடும். ஏனென்றால் தணிப்பைக் கூட்டினால் ஒத்ததிர்வு அடங்கும், ஆனால் உயர் அதிர்வெண்களில் காப்பு குறையும். இரண்டுக்கும் இடையே சமரசம் செய்வதுதான் மேசை வடிவமைப்பவரின் தலைவலி.

தீவு என்ற மூலப்பொருள் அப்படியே கண்முன் வந்த கதை ஒன்று உண்டு. கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் சூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் 1981இல் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். அதில் ஊசி போன்ற முனைக்கும் ஆராயும் பரப்புக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் பாயும், அவற்றின் இடைவெளி ஒரு நானோமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறிவிடும். அதனால் முதல் கருவியை, மின்தடையே இல்லாமல் போகும் மீகடத்து நிலைக்குக் குளிர்வித்த ஈயக் கிண்ணத்தின் மேல் காந்தங்களால் மிதக்கவிட்டார்கள். எதையும் தொடாமல் மிதந்த அந்தக் கருவி உண்மையிலேயே ஒரு தீவு. 1986இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும் கிடைத்தது.

ஒளி நுண்ணோக்கிக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. ஆனாலும் 100 மடங்கு பொருளருகு வில்லையும் 6.5 மைக்ரோமீட்டர் புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட கேமராவும் இருந்தால், ஒரு புள்ளி மாதிரியில் 0.065 மைக்ரோமீட்டரைத்தான் காட்டும். வில்லையும் மாதிரியும் சேர்ந்து ஆடினால் கவலை இல்லை. ஒன்றுக்கொன்று 0.2 மைக்ரோமீட்டர் விலகி ஆடினால் படம் மூன்று புள்ளி அகலத்துக்குக் கலங்கிவிடும்.

இங்கேதான் படமெடுக்கும் மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் 'ஸ்டெபிலைசேஷன்' என்றொரு வசதி இருக்கும். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, நகர்ந்ததை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். மெல்ல மெல்ல நகரும் மாதிரிக்கு அது அருமையாக உதவும். ஆனால் ஒரே படம் பதிவாகும் நேரத்துக்குள் மாதிரி இருபது முறை ஆடியிருந்தால், அந்த இருபது நிலைகளின் ஒளியும் ஒன்றாகக் கலந்து பதிந்துவிடும். அப்புறம் கணக்குப் போட்டு ஓரளவு கூர்மையாக்கலாம், இழந்த விவரம் முழுதாகத் திரும்பாது. ஆகவே மென்பொருள் செய்வதைப் 'படத் திருத்தம்' என்று எழுதுவோம். காப்பு என்ற சொல்லை மேசைக்கு விட்டுவைப்போம்.