மலைப்பாதை ஜீப்பின் தரைக்கு எந்தத் தகடு?

பழைய மஹிந்திரா ஜீப்பை மலைப்பாதைக்காக மறுபடி கட்டுகிறவர்கள் பாடி ஷாப்பில் முதலில் கேட்பது, "ஃப்ளோருக்கு எத்தனை கேஜ் போடலாம்?" என்பதுதான். கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் குறிக்கும் எண், எண் கூடினால் தகடு மெலியும். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தரையில் தண்ணீர் எங்கே தங்கும்? கல் அடித்துக் கிழிந்த தரைகள் குறைவு. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரத்திலும், ரப்பர் மேட்டுக்கு அடியிலும், சேறு அடைந்த மூலைகளிலும் துருப்பிடித்துப் போனவையே அதிகம்.

முதலில் அந்தத் தரை எதைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். சி.ஜே. 3பி என்ற பழைய ஜீப் மாடல் வழிவந்த ஜீப்புகள், ஜிப்ஸி, தார் எல்லாவற்றிலும் எஞ்சினையும் ஆக்சில்களையும் சுமப்பது ஏணி போன்ற சேசிஸ். பாடி அதன்மேல் ரப்பர் மவுண்ட்களில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்களையும் சாமான்களையும் தாங்கினால் தரைக்குப் போதும். சேசிஸ் தனியாக இல்லாத மோனோகாக் வண்டிகளில் கதை வேறு. அங்கே தரையே வண்டியின் எலும்பு. உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து முட்டு வைக்காமல் அதை வெட்டினால் கதவு இடைவெளிகள் மாறிப்போகும். இங்கே பேசுவது சேசிஸ் உள்ள வண்டிகளைப் பற்றி மட்டும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவது போன்ற கற்பாதையில், ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது அதே ஆக்சிலின் மறுபக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும். சேசிஸ் முறுகும். அந்த முறுக்கில் ஒரு பங்கு மவுண்ட் வழியாகப் பாடிக்கும் வரும். சுற்றிலும் 1.2 மி.மீ. பழைய தகடு இருக்க, நடுவில் 3 மி.மீ. தகட்டை வைத்து முழு நீளத்துக்கும் வெல்டு அடித்தால், தடித்த தகடு வளைந்து கொடுக்காது. முறுக்கம் முழுவதும் வெல்டு ஓரத்து மெல்லிய தகட்டில் குவிந்து, அங்கேதான் விரிசல் விடும். "கனமாப் போட்டாச்சு, இனிக் கவலையில்லை" என்று சொல்லப்படும் வண்டிகள் மவுண்ட் பக்கத்தில் கிழிந்து திரும்பி வருவது இதனால்தான்.

தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயரும். 18 கேஜ் என்பது சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ. இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே விறைப்பு 2.4 மடங்காகிறது. எடையோ சதுர மீட்டருக்கு 9.4 கிலோவிலிருந்து 12.6 கிலோவாக மட்டுமே கூடும். 3 மி.மீ.க்குப் போனால் 23.5 கிலோ. தரையின் பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 16 கேஜில் 25 கிலோ, 3 மி.மீ.யில் 47 கிலோ. தடிமனைக் கூட்டாமலே விறைப்பைக் கூட்டவும் வழி இருக்கிறது: 100 முதல் 150 மி.மீ. இடைவெளியில், 6 மி.மீ. ஆழத்துக்கு ரிப், அதாவது நீளவாட்டில் வரிப்பள்ளம், அடிப்பது. ரிப் இல்லாத தட்டையான தகடு கால் வைக்கும்போது 'டொப்' என்று உள்வாங்கி, எடுத்ததும் மேலெழும். அந்த ஆட்டமே பெயின்ட்டை விரிசலாக்கித் துருவுக்கு வாசல் திறக்கும். பெரும்பாலான ஜீப்புகளுக்கு 16 கேஜ் சி.ஆர். ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய சாதாரண இரும்புத் தகடு) ரிப் அடித்த தரை போதும். 8க்கு 4 அடி ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர் வரும். வெட்டுச் சேதம் போக முன்தரைக்கும் பின்தரைக்கும் அது பெரும்பாலும் காணும்.

ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, துருவைத் தள்ளிப்போடும், உண்மை. ஆனால் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும், இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெல்டில் உருகி நிற்கும் இரும்புக்குள் ஆவி புகுந்து ஓட்டை ஓட்டையாக்கும். அந்த வெண்புகையை இழுத்தவருக்கு அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும். ஓரத்தில் 25 மி.மீ. அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்தெடுத்து, காற்றோட்டமான இடத்தில் வெல்டு செய்ய வேண்டும். தேய்த்த இடத்தில் பாதுகாப்பு போய்விட்டது, துரு பிடிப்பதும் அந்த ஓரத்தில்தான். ஜி.ஐ. போட்டு மிச்சப்படுத்தியது அதிகமில்லை.

அலுமினியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், எடையும் ஏறத்தாழ அதே விகிதம்தான். ஆனால் மும்மடிக் கணக்கு இங்கே கைகொடுக்கிறது. 1.6 மி.மீ. இரும்பின் விறைப்பை 2.3 மி.மீ. அலுமினியம் எட்டிவிடும், எடை பாதிதான். 3 மி.மீ. போட்டால் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு, அப்போதும் சதுர மீட்டருக்கு 8.1 கிலோதான். மடிப்பதாக இருந்தால் அலுமினியக் கலவைகளில் 5052 ரகம் கேட்டு வாங்குங்கள். வலிமை அதிகம் என்று 6061-டி6 வாங்கிக் கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கத்தில் வெடிக்கும், வெல்டு செய்தால் அந்தப் பகுதியின் வலிமை குறைந்துவிடும்.

1948இல் வெளிவந்த லேண்ட்ரோவர் இதற்கு நல்ல பாடம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் பாடி பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது, சேசிஸும் முன்சுவரும் இரும்பு. தரைத்தகடுகளைப் போல்ட்டால் மாட்டினார்கள். அவற்றைக் கழற்றி, கியர்பாக்ஸை வண்டிக்குள் வழியாகவே மேலே தூக்கிவிடலாம். அந்த யோசனை இன்றும் திருட வேண்டிய ஒன்று. கூடவே ஒரு தொல்லையும் இருந்தது: அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரியே உருவாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். கடற்கரை மணலில் ஓட்டும் வண்டிக்கு இது இன்னும் வேகம். தடுக்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் 2 முதல் 3 மி.மீ. ரப்பர் பட்டை, போல்ட்டுக்கு நைலான் புஷ், பிறகு இரும்புப் பக்கத்துக்கு முழுமையான பெயின்ட். அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து இரும்பை அப்படியே விட்டால், கீறல் விழுந்த ஒரே இடத்தில் அரிப்பு மொத்தமும் குவிந்து ஓட்டை போடும். சலவைச் சோடா கலந்த நீரில் கழுவுவதும் ஆகாது, காரம் அலுமினியத்தை அரிக்கும்.

செக்கர் பிளேட், அதாவது மேலே புடைப்பு வடிவம் உள்ள தகடு, பார்க்க எடுப்பாக இருக்கும். அதைத் துருப்பிடித்த பழைய தரையின்மேல் பாப் ரிவெட் அடித்து ஒட்டவைப்பதுதான் ஜீப் உலகத்தின் மிகப் பரவலான தவறு. இரண்டுக்கும் நடுவில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும், ரிவெட்டுகள் பிதுங்கும், மேலே மட்டும் பளபளப்பு மிஞ்சும். செக்கர் பிளேட்தான் வேண்டும் என்றால் அதுவே தரையாக இருக்கட்டும், அடியில் வேறு தகடு வேண்டாம்.

பின்பக்கச் சாமான் தரைக்குப் பிளைவுட் மோசமில்லை. 12 மி.மீ. பலகை 16 கேஜ் இரும்பைவிட எடை குறைவு, விறைப்பில் அதைப் பலமடங்கு மிஞ்சும், சத்தத்தையும் அடக்கும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகம் வாங்கி, நான்கு விளிம்புகளுக்கும் எல்லா ஓட்டைகளின் உட்புறத்துக்கும் எபாக்சி தடவுங்கள். பிளைவுட் உளுத்துப்போவது விளிம்பிலிருந்துதான். ஸ்டெயின்லெஸ் விலைக்கு ஏற்ற பலன் தராது. பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பை ஒட்டியிருக்கும் சின்ன இரும்புச் சட்டம்தான் முதலில் அரிபடும்.

வெல்டு தொடங்குமுன் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். சி.ஜே. 3பியில் எரிபொருள் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, அதை வெளியே எடுத்து வைக்காமல் ஒரு பொறியும் பறக்கக் கூடாது. காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. பழுதான பகுதியை, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். ஒட்டுத் தகட்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள், கூர்மூலையில் விரிசல் தொடங்கும். 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டால் 25 முதல் 30 மி.மீ.க்கு ஒரு புள்ளி, அடுத்த புள்ளி எதிர்ப்பக்கத்தில் என்று மாறி மாறி வைத்து, ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் தகடு அலையடிக்கும். கியர்பாக்ஸுக்கு மேலுள்ள துண்டை மட்டும் வெல்டு செய்யாதீர்கள். அடியில் வெல்டு நட் வைத்து, எம்8 போல்ட்டால் 100 மி.மீ. இடைவெளியில் மாட்டுங்கள். சீட்டையும் சீட் பெல்ட்டையும் வெறும் தகட்டில் பிடிக்கவே கூடாது. பெல்ட் போல்ட் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து, அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனுள்ள பெரிய பிளேட் கொடுத்து இறுக்கப்பட வேண்டும்.

ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் ஈரம் ஊடுருவும். வெறும் இரும்பின்மேல் இரண்டு பாக எபாக்சி பிரைமர், பிறகு எல்லா மூட்டுகளிலும் மேலும் கீழும் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், அதன்மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட், பெட்டிச் சட்டங்களுக்குள் துரு தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ். உள்ளே கார்பெட்டும் ஸ்பாஞ்சும் வேண்டாம், மழைக்காலத்தில் அவை ஈரச் சாக்குகளாகக் கிடக்கும். கழற்றிக் காயவைக்கக்கூடிய ரப்பர் மேட் போதும்.

கடைசியாக வடிகால். ஒவ்வொரு கால்குழியிலும் 25 மி.மீ. ஓட்டை ஒன்று, அதைச் சுற்றி 3 மி.மீ. பள்ளம், மூட ரப்பர் அடைப்பு. 2020இல் வந்த தாரில் கம்பெனியே இப்படி வடிகால் கொடுத்திருக்கிறது. இடத்தைக் கண்ணால் குறிக்காமல், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறியுங்கள். சைலன்சருக்கு மேலும் சேசிஸ் சட்டத்துக்கு மேலும் அது வரக் கூடாது. ஓடையைக் கடக்கும்போது அடைப்பை மூடி வைப்பது பொதுவான வழக்கம். ஆனால் 2 சதுர மீட்டர் தரை, உள்ளே நீர் புகாமல் 10 செ.மீ. ஆழம் மூழ்கினால் 200 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது, அதாவது வண்டியை 200 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது. டயரின் பிடி அந்த அளவு குறையும். ஆகவே நீர் தரைமட்டத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் அடைப்பைக் கழற்றிவிட்டு இறங்குவதே நல்லது. நனையக்கூடிய சாமான்களை முதலில் மேலே ஏற்றிவிடுங்கள்.