அரை லிட்டர் 24, ஒரு லிட்டர் 46: நடுவில் நிற்கும் 2 ரூபாய்

கர்நாடகத்தின் அரசுக் கூட்டுறவுப் பாலான நந்தினியின் நீலப் பாக்கெட், 2025 ஏப்ரலில் வந்த விலைப்படி, அரை லிட்டர் 24 ரூபாய், ஒரு லிட்டர் 46 ரூபாய். அரை லிட்டர் 24 என்றால் லிட்டர் 48 வர வேண்டும், ஆனால் 2 ரூபாய் உதைக்கிறது. பெரிய பாக்கெட் வாங்கினால் கொஞ்சம் சல்லிசு, அவ்வளவுதான் என்று பால் கடையில் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நடந்தேன். அந்த 2 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனால், பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறுநாளே மறந்த நேரியல் சமன்பாடு வந்து நிற்கிறது.

கணக்கு இதுதான். அரை லிட்டர் பாக்கெட்டில் இருந்து ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் போகும்போது பால் அரை லிட்டர் கூடுகிறது, விலை 22 ரூபாய் கூடுகிறது. அப்படியானால் பாலுக்கு மட்டும் லிட்டருக்கு 44. அரை லிட்டருக்கு 22 போக மீதி 2 ரூபாய், ஒரு லிட்டருக்கு 44 போக மீதியும் அதே 2 ரூபாய். பாலைக் குறைத்துக்கொண்டே போய் காலி கவரில் நின்றாலும் இந்தக் கணக்கு 2 ரூபாய் கேட்கும்.

விலை = 44 × லிட்டர் + 2

லிட்டரைக் கிடையாகவும் விலையை மேலேயும் வைத்து வரைந்தால் இது ஒரு நேர்க்கோடு. அதில் 44 என்பது சாய்வு, 2 என்பது வெட்டுத்துண்டு. பாடப்புத்தகத்தில் எம், சி என்று எழுதிக் குழப்புவார்களே, அவைதான். சாய்வு, அளவு கூடக் கூட விலை எந்த வேகத்தில் ஏறுகிறது என்கிறது. வெட்டுத்துண்டு, அளவு பூஜ்யமாக இருக்கும்போதே விலை எங்கே நிற்கிறது என்கிறது. அந்த 2 ரூபாய் கவருக்கா, கடைக்காரர் கமிஷனுக்கா, சும்மா ரவுண்டு பண்ணியதா என்று சமன்பாடு சொல்லாது. இரண்டு அரை லிட்டர் வாங்கினால் அதை இரண்டு தடவை கொடுக்கிறோம் என்பது மட்டும் உறுதி.

இங்கே ஒருவர் கை தூக்கலாம். இரண்டே புள்ளி இருந்தால் எதை வேண்டுமானாலும் நேர்க்கோடு என்று சொல்லிவிடலாமே? நியாயமான கேள்வி, மூன்றாவது புள்ளி வந்தால்தான் கோட்டின் யோக்கியதை தெரியும். அதற்கு 2024 ஜூனுக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பு அரை லிட்டர் 22, ஒரு லிட்டர் 42 என்று இருந்தது. அந்த மாதம் பாக்கெட்டைப் பெரிதாக்கினார்கள்: 500 மில்லி 550 ஆனது, விலை 24, ஒரு லிட்டர் 1050 மில்லி ஆனது, விலை 44. பால் வரத்து தினம் ஒரு கோடி லிட்டரை நெருங்கிவிட்டது, கூடுதலாக வருவதை விற்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். விலையை ஏற்றிவிட்டார்கள் என்றது எதிர்க்கட்சி. ஏற்றவே இல்லை, கூடக் கொடுக்கும் 50 மில்லிக்குத்தான் காசு என்றது அரசு. எங்கள் வீட்டில் மாமியார் தினக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறவர், "ஏத்துனாங்களா இல்லையா மாப்ளே, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

பழைய இரண்டு விலையில் இருந்து கோடு போட்டால் விலை = 40 × லிட்டர் + 2. இதில் 0.55 லிட்டரைப் போட்டுப் பாருங்கள், 22 + 2, சரியாக 24. 1.05 போட்டால் 42 + 2, சரியாக 44. நாலு புள்ளியும் ஒரே கோட்டில் மாலை கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஆக கோடு நகரவில்லை, அரசு சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் தினம் ஒரு சின்னப் பாக்கெட் வாங்கும் வீட்டை அதே கோட்டில் ஒரு படி மேலே தள்ளிவிட்டார்கள், கூட 50 மில்லி வேண்டுமா என்று கேட்காமலே. மாதம் 60 ரூபாய் அதிகம். மாமியாருக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடைக்கவில்லை.

வேடிக்கை அடுத்த வருஷம். 2025 ஏப்ரலில் பாக்கெட் பழையபடி 500 மில்லிக்குத் திரும்பியது, விலை அதே 24. காலண்டரில் எண் மாறவே இல்லை, மாமியாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாய்வு 40-ல் இருந்து 44-க்குப் போனது அப்போதுதான், வெட்டுத்துண்டு அதே 2. லிட்டருக்கு 4 ரூபாய் உயர்வு என்று அறிவித்தார்களே, அந்த 4 இதுதான்.

பாலை விட்டு ஆட்டோவுக்கு வருவோம். பெங்களூரில் ஆட்டோ மீட்டர் கட்டணம் 2025 ஆகஸ்ட் 1 முதல், முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. இரண்டு பதினெட்டு முப்பத்தாறு. அதாவது வெட்டுத்துண்டு பூஜ்யம். முதல் 2 கிலோமீட்டருக்குள் எங்கே இறங்கினாலும் 36 என்பதைத் தவிர, கட்டணம் வெறும் 18 × தூரம். டெல்லியில் 2023 ஜனவரியில் வந்த கட்டணம் வேறு ஜாதி: முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30, பிறகு 11. கோட்டைப் பின்னால் நீட்டினால் 13.50 + 11 × தூரம். ஏறி உட்காருவதற்கே 13.50, ஆனால் ஏற்றம் மெதுவானது. 2 கிலோமீட்டரில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் அரை ரூபாய், 10 கிலோமீட்டரில் இங்கே 180, அங்கே 123.50.

சரி, மீட்டர் கட்டணத்துக்கு இங்கே யார் வருகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அதற்கும் இதே கணக்குதான். பேரம் இரண்டு மாதிரி நடக்கும். ஒருவர் "மீட்டருக்கு மேல முப்பது குடுங்க சார்" என்பார் (அல்சூர், சிவாஜிநகர் பக்கம் பாதி நேரம் தமிழிலேயே). இன்னொருவர் "ஒன் அண்ட் ஹாஃப்" என்பார், அதாவது இரவு 10 முதல் காலை 5 வரைக்கான ஒன்றரை மடங்கைப் பட்டப்பகலில் கேட்கிறார். முதல் ஆள் வெட்டுத்துண்டைக் கேட்கிறார்: கோடு சாய்வு மாறாமல் அப்படியே 30 ரூபாய் மேலே எழும்பும். இரண்டாவது ஆள் சாய்வில் கை வைக்கிறார்: 18 என்பது 27 ஆகிவிடும்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் இருந்து மல்லேஸ்வரம் போகிறீர்கள், 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 144. மேலே முப்பது என்றால் 174, ஒன்றரை என்றால் 216. இரண்டரை கிலோமீட்டர் மட்டும் போக வேண்டும் என்றால் மீட்டர் 45. மேலே முப்பது 75, ஒன்றரை 67.50, இப்போது ஒன்றரைதான் மலிவு. இரண்டும் சமமாவது மீட்டர் 60 காட்டும் இடத்தில், அதாவது சுமார் 3.3 கிலோமீட்டரில். காகிதமே வேண்டாம். மீட்டர் தொகையில் பாதி, அவர் மேலே கேட்கும் காசைவிட அதிகமா என்று பாருங்கள், அதிகம் என்றால் மேலே கேட்பவர் ஆட்டோவில் ஏறிவிடுங்கள்.

எல்லா விலையும் இப்படி ஒழுங்காகக் கோட்டில் நிற்காது. மெட்ரோ டிக்கெட் படிக்கட்டு, ஒரு படிக்குள் எத்தனை கிலோமீட்டர் போனாலும் ஒரே காசு. அதைவிட மோசம் கிருஹ ஜோதி என்ற கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டத்தில் இருக்கும் வீட்டின் மின் கட்டணம். 2025-26 கட்டணப்படி கோடு என்னவோ நேர்தான்: யூனிட்டுக்கு 5.80, கிலோவாட்டுக்கு 145 நிலைக்கட்டணம். 3 கிலோவாட் இணைப்புக்கு 435 + 5.80 × யூனிட், வரியும் சர்சார்ஜும் தனி. ஆனால் அந்த வீட்டின் வழக்கமான மாதச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து, அதிகபட்சம் 200 யூனிட் வரை இலவசம், அந்த 200-ஐத் தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்து முழுப் பில்லும் நம் தலையில். வீட்டுக்கு முழு 200-ம் கிடைத்திருந்தால் 200-வது யூனிட் வரை பில் பூஜ்யம், 201-ல் 1,600 ரூபாய்க்கு மேல். அந்த ஒரு யூனிட்டில் கோட்டுக்குச் சாய்வே கிடையாது, செங்குத்துப் பாறை. எங்கள் மாடியில் மாதக் கடைசி வந்தால் மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீசரைப் போடுகிறார்கள், 190-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்தான்.