ரூபாய்க் குறி இருந்த இடத்தில் '#'

எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு தரவை எழுதும் முறை) தரவிலிருந்து ரசீது, சான்றிதழ் தயாரிக்கும் மென்பொருள்களைப் பராமரிப்பது என் வேலை. அதில் அடிக்கடி வரும் புகார்: "₹4,500 என்று இருக்க வேண்டிய இடத்தில் #4,500 என்று வருகிறது." இதை வாடிக்கையாளர்தான் பார்த்துச் சொல்வார், மென்பொருள் வாயே திறக்காது. அதன் கணக்கில் பிடிஎஃப் நல்லபடியாக உருவாகிவிட்டது.

அந்த எக்ஸ்எம்எல்லைப் பிடிஎஃப்பாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் அப்பாச்சி எஃப்ஓபி. அதில் எழுத்துரு எதையும் அமைக்காவிட்டால், ஹெல்வெட்டிக்கா, டைம்ஸ், கூரியர் என்று பிடிஎஃப்பின் அடிப்படை எழுத்துருக்கள் 14-ஐ வைத்தே அது காலம் தள்ளும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடுக்குள் ₹ வந்ததே 2010-இல்தான். அந்தப் பழைய எழுத்துருக்களில் அதற்கு வடிவம் கிடையாது, தமிழுக்கும் கிடையாது. வடிவம் இல்லாத இடத்தில் # போட்டுவிட்டு எஃப்ஓபி நகர்ந்துவிடும்.

உடனே எல்லோரும் கைவைப்பது எக்ஸ்எம்எல்லின் முதல் வரியில் உள்ள யூடிஎஃப்-8 அறிவிப்பில், அதாவது எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டுள்ளன என்று சொல்லும் இடத்தில். பிடிஎஃப்பில் தெரிவது என்ன என்று முதலில் பாருங்கள். கேள்விக்குறி வந்தால் எழுத்து வழியிலேயே தொலைந்திருக்கிறது. தரவுத்தளத்தையும் குறியாக்கத்தையும் தேட வேண்டும். கட்டமோ # குறியோ வந்தால் எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, எழுத்துருதான் குறை. ₹ என்று எண்ணாக எழுதினாலும் பலன் இல்லை, அதுவும் அதே ₹தான்.

எழுத்துருக் கோப்பை மென்பொருளோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். கணினியில் இருப்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பினால், உங்கள் விண்டோஸில் அழகாக வருவது லினக்ஸ் சர்வரில் # குறிகளாக வரும். எழுத்துருப் பெயர்களை வரிசையாகவும் கொடுங்கள். தமிழ் எழுத்துரு சிலவற்றில் ஆங்கில எழுத்தே இருக்காது, அப்போது வரிசையில் அடுத்தது கைகொடுக்கும். தமிழுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. எஃப்ஓபியின் பழைய பதிப்புகளில் எழுத்துரு சரியாக இருந்தாலும் 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அங்கே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, பதிப்பைத்தான் உயர்த்த வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் ஒன்றிரண்டு # எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் வேர்டிலிருந்து ஒட்டிய உரைதான் காரணம். வரி உடையாத இணைப்புக்கோடு (எண் 8209) சாதாரணக் கோடு போலவே இருக்கும், ஆனால் பல எழுத்துருக்களில் அதற்கு வடிவம் இல்லை. உரையை எஃப்ஓபியிடம் கொடுக்கும் முன்பே அதைச் சாதாரணக் கோடாக்கிவிடலாம். பெயர்களில் மட்டும் இப்படிக் கைவைக்காதீர்கள். 'ஶ்ரீ' என்று எழுதுபவருக்கு அந்த ஶ (2998) வேண்டும், அதற்கு வடிவம் உள்ள எழுத்துருவைத்தான் தேட வேண்டும்.

எழுத்துக்கு வடிவம் இல்லை என்பதை எஃப்ஓபி எச்சரிக்கையாகத் தன் பதிவேட்டில் (லாக்) எழுதத்தான் செய்கிறது, யாரும் படிப்பதில்லை. ஓர் எழுத்துருவுக்கு 8 வெவ்வேறு எழுத்துகள் வரை சொல்லிவிட்டு அப்புறம் அதுவும் அடங்கிவிடும். அதனால் அந்த எச்சரிக்கை எழும்போதே அதை நிரலிலேயே பிடித்துப் பிழையாக்கி, கோப்பு வெளியே போகாமல் நிறுத்திவிடுவதே என் வழக்கம். ரசீது பத்து நிமிடம் தாமதமானால் ஒரு போன் வரும். # விழுந்த சான்றிதழ் ஊருக்குள் போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டும்.