எஹாத்: ஒருவரா, ஒன்றா?

சகரியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 14ஆம் அதிகாரம் 9ஆம் வசனம்: "அப்பொழுது கர்த்தர் பூமியின்மீதெங்கும் ராஜாவாயிருப்பார், அந்நாளில் ஒரே கர்த்தர் இருப்பார், அவருடைய நாமமும் ஒன்றாயிருக்கும்." எபிரெய மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். தமிழில் 'ஒரே' என்று வரும் இடத்திலும், 'ஒன்றாய்' என்று வரும் இடத்திலும் எபிரெயத்தில் நிற்பது ஒரே சொல்: எஹாத். கர்த்தர் எஹாத், அவர் பெயரும் எஹாத். அந்த ஒரு சொல்லைத் தமிழ் இரண்டாக்கியிருக்கிறது. இதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ் இலக்கணம் அவர்களுக்கு வேறு வழி விடவில்லை.

எஹாத் அப்படியொன்றும் பெரிய இறையியல் சொல் இல்லை. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு ஆட்டுக்குட்டி என்று எதற்கும் வருகிற எண்ணுப்பெயர்தான். ஆலெஃப், ஹேத், தாலெத் என்று மூன்று எழுத்து. நடுவில் உள்ள 'ஹ'வைத் தொண்டையிலிருந்து கொண்டுவர வேண்டும். அரபியின் 'அஹத்', அரமேயத்தின் 'ஹத்' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் 'குல் ஹுவல்லாஹு அஹத்' என்று தொடங்குவது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த அஹதும் இந்த எஹாதும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

எபிரெயத்தில் எஹாத் ஆண்பால். பெண்பால் வேண்டுமானால் 'அஹத்' என்று மாறும். அவ்வளவுதான், மூன்றாவது பால் அங்கே கிடையாது. 'பெயர்' என்பதற்கான 'ஷேம்' கூட ஆண்பால் சொல். அதனால் கடவுளுக்கும் அவர் பெயருக்கும் ஒரே எஹாதை வைத்துவிடலாம். தமிழில் அது நடக்காது. இங்கே முதல் கேள்வியே திணை: உயர்திணையா, அஃறிணையா? உயர்திணை என்றால் ஒருவன், ஒருத்தி, ஒருவர். அஃறிணை என்றால் ஒன்று. கடவுள் ஒருவர், பெயர் ஒன்று. இந்தப் பிரிவினையால் நமக்குக் கொஞ்சம் நஷ்டம் உண்டு, லாபமும் உண்டு. லாபத்தை அப்புறம் பார்ப்போம்.

எஹாதின் தாய்வீடு உபாகமம் 6:4. 'ஷெமா இஸ்ராயேல், அதோனாய் எலோஹேனு, அதோனாய் எஹாத்.' யூதர்கள் காலையும் மாலையும் வலக்கையால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வரி. முதல் சொல்லான 'ஷெமா' (கேள்) என்பதே அதற்குப் பெயர். (எழுத்தில் இருப்பது கடவுளின் நான்கெழுத்துப் பெயர், அதை உச்சரிக்காமல் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசிப்பது அவர்கள் மரபு.) "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்பது நம்மிடம் பழகிப்போன தமிழ். இஸ்ராயேலைக் கூப்பிட்ட பிறகு மூலத்தில் நான்கே சொற்கள்தான், வினைச்சொல் இல்லை. 'அவர் என் அண்ணன்' என்று வினையே இல்லாமல் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. 'ஆண்டவர் நம் கடவுள். ஆண்டவர் ஒருவர்' என்று அப்படியே வைக்கலாம், இலக்கணம் இடிக்காது.

ஆனால் பழகிய தமிழில் 'ஒருவர்' இல்லை, 'ஒருவரே' இருக்கிறது. அந்த ஏகாரம் மூலத்தில் தனிச்சொல்லாக இல்லை. நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. இங்கே பொருந்தக்கூடியவை இரண்டு, பிரிநிலையும் தேற்றமும். பிரிநிலை என்றால் 'மற்றவர் இல்லை, இவர்தான்'. தேற்றம் என்றால் 'ஒருவர்தான், சந்தேகமே வேண்டாம்'. எபிரெய அறிஞர்கள் இந்த வரியைப் பற்றி வெகுகாலமாக நடத்தும் விவாதமும் கிட்டத்தட்ட இதுதான். 'நமக்கு ஆண்டவர் இவர் மட்டும்' என்று விசுவாசத்தைக் கேட்கிற வரியா, 'ஆண்டவர் பலராகப் பிரிந்தவர் அல்ல' என்று அவருடைய இயல்பைச் சொல்கிற வரியா?

இரண்டாவதற்கும் காரணம் இருந்திருக்கிறது. சினாய்ப் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76இல் தோண்டியபோது, கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய எழுத்துகள் கிடைத்தன. அவற்றில் 'சமாரியாவின் யாவே' என்றும் 'தேமானின் யாவே' என்றும் இருக்கிறது. யாவே என்பது அந்த நான்கெழுத்துப் பெயர்தான். ஊர்ப் பெயரோடு சேர்த்து ஆண்டவரை அழைத்த காலத்தில், 'ஆண்டவர் எஹாத்' என்பது ஒரு சாதாரண எண்ணிக்கையாக ஒலித்திருக்காது.

தோரா சுருளில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களைக் கையால் எழுதும் சுருளில், இந்த வசனத்தை எழுதும்போது இரண்டு எழுத்துகளைப் பெரிதாக எழுதுவார்கள்: 'ஷெமா'வின் கடைசி எழுத்தான அயின், 'எஹாத்'தின் கடைசி எழுத்தான தாலெத். இரண்டையும் சேர்த்தால் 'ஏத்', சாட்சி என்று பொருள். எனக்குப் பிடித்தது இன்னொரு காரணம். தாலெத்தும் ரேஷும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மூலையில் ஒரு சிறு முனைதான் வித்தியாசம். அது மழுங்கினால் எஹாத் 'அஹேர்' ஆகிவிடும். அஹேர் என்றால் 'வேறொருவர்'. ஒரு முனை தேய்ந்தால் 'ஆண்டவர் ஒருவர்' என்பது 'ஆண்டவர் வேறொருவர்' ஆகிவிடும் ஆபத்து! நம் ஊர் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் படித்துத் தவித்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ரோமர்கள் யூத ஞானி ரப்பி அகிவாவைச் சித்திரவதை செய்து கொன்றபோது, எஹாத் என்ற சொல்லை நீட்டிக்கொண்டே அவர் உயிர் பிரிந்ததாக யூத ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தால்மூத் சொல்கிறது.

சரி, தீர்க்கதரிசிகள்? ஆச்சரியம் என்னவென்றால், கடவுள் ஒருவரே என்பதை ஏசாயா புத்தகத்தைப் போல அழுத்திச் சொன்னது வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் புகழ்பெற்ற வரிகளில் எஹாத் வருவதில்லை. "நானே கர்த்தர், வேறொருவரில்லை; என்னைத்தவிர தேவன் இல்லை" (45:5). அங்கே வேலை செய்யும் சொல் 'ஏன் ஓத்', 'இனி இல்லை, வேறு இல்லை'. கி.மு. 586இல் எருசலேம் ஆலயம் விழுந்து, மக்கள் பாபிலோனில் சிறையிருந்த காலத்தின் குரல் அது. பாபிலோனியரின் தலைமைத் தெய்வமான மர்தூக்கின் ஊரில் உட்கார்ந்துகொண்டு 'நமக்கு ஒரு கடவுள் உண்டு' என்றால் போதாது. 'மற்றது எதுவும் கடவுளே இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் எண்ணை விட்டுவிட்டு 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். எஹாத் பிற்பாடு திரும்பி வருகிறது. "நம்மெல்லாருக்கும் ஒரே பிதா இல்லையோ?" என்று மல்கியா கேட்கும் கேள்வியில் (2:10) இருக்கிறது, முதலில் பார்த்த சகரியாவில் இருக்கிறது.

இங்கே ஒரு பிரசங்க வாதத்தைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். 'எஹாத் என்றால் தனி ஒன்று அல்ல, பல சேர்ந்த ஒன்று. ஆகவே அதற்குள்ளேயே திரித்துவம் ஒளிந்திருக்கிறது' என்பார்கள். (திரித்துவம் என்பது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை.) ஆதாரமாகக் கணவனும் மனைவியும் 'ஒரே மாம்சம்' ஆவதையும் (ஆதியாகமம் 2:24), எண்ணாகமத்தில் வரும் ஒரு குலை திராட்சையையும் காட்டுவார்கள். வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. 'ஒரு சீப்பு வாழைப்பழம்' என்கிறோம். பழங்கள் பல, அந்தப் பன்மை சீப்பில் இருக்கிறதா, 'ஒரு'வில் இருக்கிறதா? எசேக்கியேல் 33:24இல் ஆபிரகாம் 'ஒருவனாயிருந்து' தேசத்தைச் சுதந்தரித்தான் என்கிற இடத்திலும் எஹாத்தான். ஆபிரகாம் எத்தனை பேர்?

'தனி ஒன்றுக்கு யாஹீத் என்ற வேறு சொல் உண்டே' என்று அடுத்துச் சொல்வார்கள். உண்டு. ஆபிரகாமின் "ஏகசுதன்" ஈசாக்கு என்ற இடத்தில் இருப்பது அதுதான். ஒற்றைப் பிள்ளை, தனியாள், பிரியமானது என்ற வாசனை உள்ள சொல். எபிரெய வேதம் அதைக் கடவுளுக்குப் பயன்படுத்துவதில்லை. 'எலோஹிம்' பன்மை வடிவம் என்பதை வைத்துச் செய்யும் வாதமும் இதே ரகம். பன்மை வடிவமாய் நின்றே ஒருமை வினை கொள்ளும் சொல் அது. தமிழருக்கா இதை விளக்க வேண்டும்? 'அப்பா வந்தார்' என்றால் எத்தனை அப்பா என்று நாம் கேட்பதில்லை. 'ஒருவர்' என்ற சொல்லே அப்படித்தான்: ஆளோ ஒன்று, விகுதியோ பன்மைக்குரிய 'அர்'. அது ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்றும், பன்மை வினையை ஏற்கும் என்றும் தொல்காப்பியரே குறித்து வைத்திருக்கிறார்.

திரித்துவ நம்பிக்கை எஹாதிலிருந்து பிழிந்து எடுத்ததல்ல. அது புதிய ஏற்பாட்டின் மொழியிலிருந்து வளர்ந்தது. இயேசு ஷெமாவை மாற்றாமல் சொல்கிறார் (மாற்கு 12:29). பவுல், கி.பி. 50களில் கொரிந்தியருக்கு எழுதும்போது அதே வரியைக் கையில் எடுத்து விரிக்கிறார்: "பிதாவாகிய ஒரே தேவன்" ஒரு பக்கம், இயேசு கிறிஸ்து என்னும் "ஒரே கர்த்தர்" இன்னொரு பக்கம். தேவன், கர்த்தர் என்ற ஷெமாவின் இரண்டு பெயர்களும் அங்கே இருக்கின்றன, 'ஒரே'யும் கைவிடப்படவில்லை.

இனி, முன்பு சொன்ன லாபம். யோவான் 10:30: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்." கிரேக்கத்தில் 'ஒன்று' ஆண்பாலில் 'ஹெய்ஸ்', பெண்பாலில் 'மியா', இரண்டும் அல்லாததற்கு 'ஹென்'. யோவான் எழுதியது ஹென். 'ஒருவராயிருக்கிறோம்' அல்ல, 'ஒன்றாயிருக்கிறோம்'. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர் லத்தீனில் இதையேதான் பிடித்துக்கொண்டார்: மூவரும் 'ஊனும்', ஆனால் 'ஊனுஸ்' அல்ல. அதாவது ஒன்று, ஒருவர் அல்ல. கி.பி. 325இல் நிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் இது 'தந்தையோடு ஒரே பொருள்' (ஒரே உள்ளியல்பு) என்ற சூத்திரமாக இறுகியது. எபிரெயத்தில் சொல்லவே முடியாத இந்த வேறுபாட்டைத் தமிழின் திணை சிரமமில்லாமல் சொல்லிவிடுகிறது. கடவுள் ஒருவர், பிதாவும் குமாரனும் ஒன்று. போதாததற்கு, 'ஒன்று' தமிழில் எண் மட்டுமல்ல, வினையும்கூட, ஒன்றுதல், ஒன்றிப்போதல்.

அப்படியானால் எஹாதின் பண்பைக் குறிக்க நல்ல தமிழ்ச் சொல் எது? 'ஏகத்துவம்' வடமொழி 'ஏக'த்திலிருந்து வந்தது; இன்று தமிழ் முஸ்லிம்களிடம் தவ்ஹீதுக்கான (இறைவன் ஒருவனே என்ற கொள்கைக்கான) சொல்லாக உறுதியாக நிற்கிறது. கிறிஸ்தவர்களிடம் அதே 'ஏகம்' 'திரியேக தேவன்' என்பதற்குள் போய்விட்டது. கத்தோலிக்கர் 'மூவொரு கடவுள்' என்கிறார்கள். 'ஓரிறைக் கொள்கை' நல்ல சொல்தான், ஆனால் அது மனிதர்களின் கோட்பாட்டுக்குப் பெயர், கடவுளின் தன்மைக்கு அல்ல. 'ஒற்றுமை' கூடவே கூடாது. அதற்குக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.

என் தேர்வு 'ஒருமை'. பள்ளி இலக்கணத்தில் ஒருமை-பன்மை என்று கேட்டுக் கேட்டு அது சப்பென்று ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் குறளில் 'ஒருமை மகளிர்' (974) என்று வரும்போது அதன் பொருள் மனம் இரண்டுபடாதவர் என்பது. எண்ணில் ஒன்று, நெஞ்சில் பிளவில்லாதது என்று இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. 'ஆண்டவர் எஹாத்' என்று சொன்ன கையோடு, 'உன் முழு இருதயத்தோடும்' அன்புகூரு என்று உபாகமம் கேட்பதும் இந்த இரண்டையும்தான்.

எஹாதின் உறவு வினை ஒன்று சங்கீதம் 86:11இல் வருகிறது: 'யாஹேத் லெவாவி'. இங்கே அது ஏவல் வினை, 'ஒன்றாக்கும்' என்று கடவுளிடம் கேட்பது. தமிழில் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்தேன்: "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்."